ஒரு கால், எத்தனை கால்?

தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அம்மா ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

கால் கிலோ அச்சு வெல்லம்
முக்கால் கிலோ பாசிப்பருப்பு
ஆசாரி வீட்டில் முக்காலி
பந்தக்காலுக்கு மூங்கில், நவதானியம்
வாய்க்கால் பாலம் தாண்டினதும் ஒரு கால் பண்ணு

என்னோடு கடைக்கு வந்தது அண்ணன் மகள். பூனாவில் வளரும் பிள்ளை, பதினோரு வயது. வீட்டில் பேசிப் பழகிய தமிழ், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "சித்தப்பா, ஆச்சி ஏன் எல்லா வரியிலேயும் கால் கால்னு எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

அதுவரை எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்து வரியிலும் கால். முதல் இரண்டும் அளவு. மூன்றாவது மரத்தில் செய்தது. நான்காவது மண்ணில் நடுவது. ஐந்தாவது வரியில் தண்ணீர் ஓடும் கால் ஒன்று, தொலைபேசியில் அழைக்கும் கால் ஒன்று. ஆக மொத்தம் ஆறு. தமிழ் பேசி வளர்ந்தவர் யாரும் இந்தச் சீட்டில் ஒரு நொடிகூடத் தயங்க மாட்டார். கால் கிலோ வெல்லம் என்றால் எந்தக் கால் என்று எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. இது எப்படி நடக்கிறது என்பதை அவளுக்குச் சொல்லப் போய் எனக்கே நிறைய தெளிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே சொல் பல பொருளைத் தருவதைத் தமிழ் இலக்கணத்தில் பலபொருள் ஒருசொல் என்பார்கள். பழைய காலத்தில் இதற்கென்றே மனப்பாடப் பாடம் இருந்தது. சூடாமணி நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூலின் பதினோராம் தொகுதி முழுவதும் இப்படிப்பட்ட சொற்கள்தான், செய்யுளாகக் கட்டப்பட்டவை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டார்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றது சுலபம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவது இரண்டு வழியில். ஒன்று, ஒரே வேரிலிருந்து கிளை கிளையாகப் பொருள் விரிவது. அண்ணன் தம்பி மாதிரி, முகத்தைப் பார்த்தாலே சாயல் தெரியும். இன்னொன்று, சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள் ஒலியில் ஒன்றாக நிற்பது. ஒரே வகுப்பில் இரண்டு முருகன் இருப்பது போல. பெயர் ஒன்று, வீடு வேறு. கால் என்ற சொல்லில் இந்த இரண்டு வகையும் உண்டு.

உடம்பின் காலிலிருந்து தொடங்கலாம். உடம்பைத் தாங்குவது கால். அப்படியானால் எதையெல்லாம் எது தாங்குகிறதோ அதுவும் கால். நாற்காலிக்கு நாலு, முக்காலிக்கு மூன்று, கட்டிலுக்கு நாலு. பந்தலைத் தாங்குவது பந்தக்கால். கல்யாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்து, குழியில் நவதானியமும் பாலும் விட்டு, மூங்கில் தலையில் மாவிலை கட்டி நடுகிறோமே, அந்த ஒரு காலுக்கு முகூர்த்தக்கால் என்று தனிப்பெயரே இருக்கிறது. கோயில் மண்டபத்தைத் தாங்கும் தூணும் கால்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. எண்ணிக்கை ஆயிரம் இல்லாவிட்டாலும் பெயர் ஆயிரங்கால்தான். இதெல்லாம் அண்ணன் தம்பி வகை, விளக்கமே வேண்டாம்.

அடுத்தது அளவு. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

நாலு கால் உள்ள மாட்டில் ஒரு கால் என்பது நாலில் ஒன்று. கால்பகுதிக்குக் கால் என்ற பெயர் வந்தது இந்தக் கணக்கில்தான் என்று பலரும் விளக்குவார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் மலையாளத்திலும் கன்னடத்திலும் நடக்கும் காலுக்கும் நாலில் ஒன்றுக்கும் ஒரே சொல். சமஸ்கிருதத்திலும் பாதம் என்றால் அடியும் உண்டு, நாலில் ஒரு பாகமும் உண்டு. பக்கத்துப் பக்கத்து மொழிகள் எல்லாம் ஒரே மாட்டைப் பார்த்து எண்ணியிருக்கின்றன.

இந்தக் கால் நம் வாழ்க்கையில் எங்கெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கால் கிலோ. ஏழேகால் மணி. பள்ளிக்கூடத்தில் காலாண்டுத் தேர்வு, அதாவது ஆண்டில் கால். 1957இல் நயா பைசா வரும்வரை கையில் புழங்கிய காலணா, நடுவில் ஓட்டை போட்டது ஒருவகை. கால் ரூபாயான 25 காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது. எழுதும்போது வைக்கிற புள்ளிகளைக்கூட இந்தக் கணக்கில்தான் பெயரிட்டிருக்கிறார்கள். முழுதாக நிற்க முற்றுப்புள்ளி. அதில் முக்கால் பங்கு நிற்க முக்காற்புள்ளி, பாதி நிற்க அரைப்புள்ளி, சற்றே மூச்சுவிடக் காற்புள்ளி. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. பள்ளியில் இதை ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தால் நான் புள்ளி வைக்க அத்தனை நாள் தடுமாறியிருக்க மாட்டேன்.

காலோடு கணக்கு நின்றுவிடவில்லை. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. பதினாறில் ஒன்று மாகாணி அல்லது வீசம். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துக் குறி இருந்தது. 2019இல் இந்தக் குறிகளை யூனிகோடில் சேர்த்துவிட்டார்கள். கால் என்பதற்கான பழைய குறி பார்ப்பதற்கு 'வ' என்ற எழுத்துப் போலவே இருக்கும். எட்டு என்ற எண்ணுக்கான தமிழ்க் குறி 'அ' போல. இதை வைத்துத்தான் ஒளவையார் கதை.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கம்பர் ஒளவையைப் பார்த்து, "ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி" என்று விடுகதை போட்டாராம். விடை ஆரைக்கீரை. ஒரே காம்பு, உச்சியில் நாலு இலை பந்தல் மாதிரி விரிந்திருக்கும். வயல் வரப்பில் பறித்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்புமை எவ்வளவு துல்லியம் என்று தெரியும். இங்கே கால் என்றால் காம்பு. 'அடி' 'அடி' என்று சொன்னதில் கோபம் கொண்ட ஒளவை, "எட்டேகால் லட்சணமே" என்று திருப்பிப் பாடினாராம். எட்டுக்கு அ, காலுக்கு வ. சேர்த்தால் அவலட்சணமே! கேள்வியில் இருந்த கால் வேறு, பதிலில் வந்த கால் வேறு. நடந்த கதையோ கட்டிய கதையோ, கேட்டவர்களுக்குக் காலின் கணக்குக் குறி தெரிந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. குறி மறந்துபோன பிறகு நமக்கு உரை தேவைப்படுகிறது.

கணக்கை இன்னும் அழகாக விளையாடியவர் காளமேகப் புலவர். காஞ்சி ஏகாம்பரநாதர் மேல் அவர் பாடியதாக வழங்கும் வெண்பா இது:

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது

காதில் விழுவது வாய்ப்பாடு. முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று பெரிய பின்னத்திலிருந்து சிறியதுக்கு வரிசையாக இறங்கி வருகிறது. ஆனால் பாட்டின் பொருளில் ஒரு பின்னம்கூட இல்லை. முக்கால் என்பது கிழவன் ஊன்றும் கைத்தடி, அதாவது மூன்றாவது கால். முன் நரை விழும் முன். அக்காலரை, அதாவது யமதூதரைக் கண்டு கால் அஞ்சும் முன். விக்கலும் இருமலும் வரும் முன். மாகாணி என்னும் சுடுகாட்டுக்குப் போகும் முன். காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருப்பவனை இன்றே பாடு. கணக்குப் பிள்ளைக்கு ஒரு பாட்டு, பக்தனுக்கு வேறொரு பாட்டு, இரண்டும் அதே நாலு அடியில்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை. பலபொருள் ஒருசொல் என்பதைக் குழப்பம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வெண்பாவைக் காட்டினால் போதும்.

இனி, உருள்கிற கால். தேருக்குச் சக்கரம்தான் கால். மனுநீதிச் சோழன் கதையில் மகனைத் தேர்க்காலில் இட்டான் என்கிறோமே, அந்தத் தேர்க்கால் சக்கரம்தான். சின்ன வயதில் நான் தேருக்குக் கட்டில் போல நாலு கால் இருப்பதாகக் கற்பனை செய்திருந்தேன். திருக்குறளில் 496ஆம் குறள்: "கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து." சக்கரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பல் நிலத்தில் ஓடாது. இந்தக் குறள் இருக்கும் அதிகாரத்தின் பெயர் இடனறிதல். சொல்லுக்கும் அதே விதிதான். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் அது எந்தக் கால் என்று தெரியும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கால் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் பதினொன்று. அவற்றின் பெயரைச் சும்மா சொல்லிப் பாருங்கள்: பாளையங்கால், மருதூர் மேலக்கால், மருதூர் கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால். வாய் என்ற சொல்கூட இல்லை, வெறும் கால்தான். ஆற்றின் வலக்கையும் இடக்கையும் போல அணையின் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறவை. பாளையங்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் அது வயல்காரர்களுக்கு நல்ல செய்தி. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன வதிக்குக் கிழக்கு என்றுதான் இருக்கும். உத்திரமேரூரில் இதை நிறையப் பார்க்கலாம். காலுதல் என்று ஒரு பழைய வினையும் உண்டு. கக்குதல், வெளிவிடுதல் என்று பொருள். தண்ணீர்க் கால் நடக்கும் காலின் கிளையா, இந்த வினையின் பிள்ளையா என்று அறிஞர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். தண்ணீர் நடந்து போகிறது என்று நினைத்தாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

காற்றும் கால். திருமுருகாற்றுப்படையில் "கால் கிளர்ந்தன்ன வேழம்" என்று வரும். காற்று எழுந்தாற்போல் வேகமாக வரும் யானை என்று பொருள். யானைக் கால் என்று படித்தால் எல்லாம் கெட்டுவிடும். உள்ளே இழுக்கும் மூச்சும் காற்றுதானே, அதனால் யோக நூல்களில் கால் என்றால் மூச்சு. திருமந்திரத்தில், "ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும் காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக் கூற்றை உதைக்கும் குறியது வாமே" என்கிறார் திருமூலர். இருகால் என்றால் இரண்டு மூக்கு வழியாக ஓடும் மூச்சு. கடைசி அடியில் உதைக்கும் என்று ஒரு சொல்லைப் போட்டு, படிப்பவர் மனத்தில் நிஜக் காலையும் ஒரு முறை ஆட்டிவிட்டுப் போகிறார்.

இலக்கணத்துக்குள் போனால் கால் தன் உருவத்தையே இழந்து ஒட்டாக மாறிவிடும். நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் உருபுகளை "கண்கால் கடைஇடை தலைவாய்" என்று அடுக்குகிறது. உடம்பின் உறுப்புகளை வரிசையாகச் சொல்வது போல இருக்கும். "ஊர்க்கால்" என்றால் ஊருக்குக் கால் முளைத்ததாகக் கொள்ளக்கூடாது, ஊரிடத்தில் என்று கொள்ள வேண்டும். வினையோடு ஒட்டினால் 'அப்படி ஆனால்' என்ற நிபந்தனைப் பொருள். "இன்னாசெய் தார்க்கும் இனியவே செய்யாக்கால்" என்ற குறளில் செய்யாக்கால் என்றால் செய்யாவிட்டால். எண்ணோடு ஒட்டினால் தடவை. முக்காலும் உண்மை என்றால் மூன்று தரம் சொல்லும் உண்மை. ஒருக்கால் என்றால் ஒரு தரம். யாழ்ப்பாணத்தில் "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்பார்கள், எங்கள் ஊரிலும் "ஒருக்கா" உண்டு. அந்த ஒருக்காவில் இருப்பது இந்தக் கால்தான், லகரம் மட்டும் தேய்ந்துவிட்டது.

எழுத்திலும் ஒரு கால் நிற்கிறது. க பக்கத்தில் துணைக்கால் போட்டால் கா. முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் இந்தக் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்து ஒட்டியிருக்கும். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் மற்ற எழுத்துகளைப் போல அவற்றுக்கும் தனிக்கால் கிடைத்தது. ஓலைச்சுவடிகளில் இந்தக் காலும் ர என்ற எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். புள்ளியும் வைத்திருக்க மாட்டார்கள். சுவடி பார்த்துப் பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு கோட்டின் முன்னும் இது காலா, ரகரமா என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவை தமிழ்க் கால்கள். பெயர் மட்டும் ஒத்துப்போகிற வெளியூர்க்காரர்களும் இருக்கிறார்கள். காலம், காலன் இரண்டும் சமஸ்கிருத வழியில் வந்தவை. திருக்கடையூரில் காலனைக் காலால் உதைத்தார் என்று சொல்லும்போது அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லை, ஒலி மட்டும் மோதுகிறது. அம்மாவின் சீட்டில் கடைசியாக வந்த "கால் பண்ணு" ஆங்கிலத்திலிருந்து வந்தது. மிஸ்டு கால், வீடியோ கால், கால் டாக்ஸி எல்லாம் அதன் கூட்டம்.

சரி, இத்தனை கால்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணன் மகளுக்கு நான் சொன்ன வழி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார் என்பதுதான். பின்னால் ஓர் அளவு வந்தால், கால் கிலோ, கால் படி, கால் மணி நேரம், அது நாலில் ஒன்று. முன்னால் ஒரு பொருள் வந்தால், கட்டில்கால், பந்தக்கால், தேர்க்கால், அந்தப் பொருள்தான் பதில் சொல்லும். பின்னால் பண்ணு, வந்தது என்று இருந்தால் கைப்பேசியை நினைத்துக்கொள். "கால் வலிக்கிறது" என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒலியிலும் சின்னச் சின்ன அடையாளம் உண்டு. மூன்று கால் என்றால் எண்ணிக்கை, நாய் நொண்டுகிறது. மூன்றேகால் என்றால் மூன்றும் காலும், கடிகாரத்தைப் பார். முக்கால் என்றால் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் வருகிற அந்த ஒரு ஏ, அல்லது சுருங்கிப்போன அந்த மு, பொருளை முழுசாக மாற்றிவிடுகிறது. புணர்ச்சியும் அப்படித்தான், ஆனால் அது ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் கால்பந்து என்று எழுதுகிறோம், சிங்கப்பூர், மலேசியாவில் காற்பந்து. அங்கே காற்றடைத்த பந்து என்று யாரும் நினைப்பதில்லை.

கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அங்கேயும் அடிப்படை இதேதான். ஒரு சொல்லின் அக்கம்பக்கத்துச் சொற்களை லட்சக்கணக்கான வாக்கியங்களில் பார்த்து, கிலோவும் படியும் பக்கத்தில் வரும் கால் ஒரு கூட்டம், வலியும் செருப்பும் பக்கத்தில் வரும் கால் இன்னொரு கூட்டம் என்று பிரித்துவைப்பது.

வெல்லம், பருப்பு எல்லாம் வாங்கி முடிந்தது. ஆசாரி வீட்டில் முக்காலிக்கு ஒரு கால் இன்னும் மாட்டவில்லை, சாயங்காலம் வாருங்கள் என்றார். பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாக எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தாள். எதிரே போன ஒரு லாரியின் பின்னால் ஊர்ப்பெயரில் தென்கால் என்று எழுதியிருந்தது. "தெக்கே போற தண்ணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய்க்கால் பாலம் வந்ததும், நான் சொல்லாமலே, என் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஆச்சிக்கு ஒரு கால் பண்ணினாள்.